ஒரு விரல் நுழையும் வாய்

என் மகளுக்கு அப்போது நாலரை வயது. காரமடையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கல்லின்மேல் ஏறாதே என்று இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை சொல்வதற்குள் வழுக்கி விழுந்து, தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் மோவாயை இடித்துக்கொண்டாள். பக்கத்து கிளினிக்கில் இரண்டு தையல் போட்டார்கள். அழுகை நின்றதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் இடது காதுக்கு முன்னால் வீங்கியது. என் மாமியார் தொட்டுப் பார்த்த உடனே சொல்லிவிட்டார்.

"பொன்னுக்கு வீங்கிதான் அம்மணி. தெருவுல ரெண்டு புள்ளைங்களுக்கு வந்திருக்குது."

தன் கழுத்திலிருந்த தங்கச் சங்கிலியைக் கழற்றி அவளுக்குப் போட்டார். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கன்னத்தில் பூசினார். பொன்னுக்கு வீங்கி கண்ட பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகக் கூடாது, ஊசி போடக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். நான் விலங்கியல் படித்தவள். அது கிருமியால் வரும் நோய் என்று பரீட்சையில் எழுதியவள். இருந்தும் பேசாமல் இருந்தேன். ஒரு வாரத்தில் வீக்கம் வற்றியபோது எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து அவள் சாப்பிடும் விதம் மாறியது. கரண்டி பல்லில் இடித்தது. கொட்டாவி விடும்போது முகம் ஒரு பக்கமாகக் கோணியது. தினமும் காலையில் பல் விளக்கிவிடும்போது என் இரண்டு விரல்களைச் சேர்த்து அவள் வாயில் வைத்துப் பார்ப்பேன். முதலில் இரண்டும் நெருக்கிக்கொண்டு நுழைந்தன. பிறகு ஒன்றுதான் நுழைந்தது. நானாகக் கற்பனை செய்கிறேனோ என்று மறுநாள் மறுபடி வைத்துப் பார்ப்பேன்.

"சேட்டை பண்றா. நீயா எதையாச்சும் நெனச்சுக்காத கண்ணு" என்றார் என் கணவர்.

குழந்தை டாக்டரிடம் மாமியாரும் வந்தார். "கீழ எங்கயாச்சும் விழுந்தாளா?" என்று டாக்டர் கேட்டார்.

"அதெல்லாம் இல்லீங்க. பொன்னுக்கு வீங்கி வந்து போச்சுங்க. அதுல இருந்துதான் சரியாத் திங்க மாட்டேங்கறா" என்று மாமியார் முந்திக்கொண்டார். இரண்டு தையலோடு போனதை அவர் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை.

விழுந்தாள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். என் கண்ணெதிரில் விழுந்தவள். பக்கத்தில் இருந்தும் பார்த்துக்கொள்ளவில்லை என்ற பேச்சு வருமே என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். டாக்டர் பசிக்கு டானிக் எழுதினார். ஆர்.எஸ்.புரத்துப் பல் டாக்டர், பல்லில் ஒன்றுமில்லை என்றார். காது டாக்டர், காதில் ஒன்றுமில்லை என்றார். அவரவர் பார்க்கும் இடம் நன்றாகத்தான் இருந்தது. பல்லுக்கும் காதுக்கும் நடுவில் இருக்கும் இடத்தைப் பார்ப்பவர் யார்?

பல் டாக்டரிடமே திரும்பப் போனேன், இந்த முறை குழந்தையோடு மட்டும்.

"ஒண்ணுமில்லீன்னு போன வாரமே சொன்னேனுங்களே."

"பல்லுல இல்லீங்க, சரி. வேற யாருங்க பாப்பாங்க? அதை மட்டும் சொல்லுங்க, போயிடறேன்."

அவர் மறுபடி அவள் வாயைத் திறக்க முயன்று, முடியாமல் நிமிர்ந்தார். "வாய், தாடை, முகத்துக்குன்னே தனி சர்ஜன் இருக்காங்கம்மா. நம்ம ஊருக்கு ஒருத்தர் வர்றதாக் கேள்வி. எந்த ஆஸ்பத்திரின்னு விசாரிச்சுச் சொல்றேன்."

எஸ்.டி.டி. பூத்திலிருந்து இரண்டு முறை போன் செய்தேன். "இன்னும் கேக்கலீங்க" என்றார். இனி காத்திருப்பதில்லை, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி நானே கேட்பது என்று அவளையும் தூக்கிக்கொண்டு கோவை பஸ் ஏறினேன்.

பெரியநாயக்கன்பாளையம் தாண்டியதும் எதிர் சீட்டுக்காரர் இருமினார். உதடு விலகியபோது மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கட்டியிருந்த கம்பி தெரிந்தது. அறிமுகமில்லாத ஆண்களிடம் நானாகப் பேசியதே இல்லை. எழுந்து போனேன்.

"ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. இந்தக் கம்பி எந்த டாக்டருங்க கட்டினாரு?"

அவர் பேச முடியாமல் பக்கத்திலிருந்த மனைவியைப் பார்த்தார்.

"மொபட்டைக் கொண்டு போய் லாரி மேல உட்டுட்டாருங்க, தாடை ரெண்டாப் போச்சு" என்றார் அந்த அம்மாள். "மூணு வாரமா வாயைத் தெறக்கலீங்க. கண்ணாலமாகிப் பதினோரு வருசத்துல இப்பத்தான் நாம் பேசறத முழுசாக் கேக்கறாரு."

அவர் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதி என்னிடம் நீட்டினார். முதல் வரி: 'இவளுக்கும் ஒண்ணு கட்டச் சொல்லியிருக்கேன்.' அதற்குக் கீழே ஆஸ்பத்திரியின் பெயரும், செவ்வாய், வெள்ளி என்றும் இருந்தது. அன்று வெள்ளிக்கிழமை.

அந்த சர்ஜன் விழுந்தாளா என்று கேட்கவில்லை. மோவாய்த் தழும்பைப் பார்த்துவிட்டு, "எப்ப விழுந்தா?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன், பொன்னுக்கு வீங்கியையும் சேர்த்து. எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி, அதைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். அடி பட்டது மோவாயில், விரிசல் விட்டது காதோரத்து மூட்டில். மூன்றாம் நாள் வீங்கியதும் அதனால்தான். வலிக்குப் பயந்து அவள் அசைக்காமலே இருந்ததால் மூட்டு இறுகிக்கொண்டு வந்திருக்கிறது.

"அன்னைக்கே வந்திருந்தா?" என்று கேட்டேன்.

"சுலபமா இருந்திருக்கும். இப்பவும் முழுசா ஒட்டலீங்கம்மா. தட்டையான ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவுல கொடுங்க. தினம் மூணு வேளை. கொஞ்சங் கொஞ்சமா ஒவ்வொரு குச்சியாக் கூட்டணும். வலிக்கும், அழுவா. பாவம்னு விட்டீங்கன்னா ஆபரேஷன்தான்."

முதல் நாள் ஆறு குச்சி நுழைந்தது. ஏழாவதற்கு வீடே அதிரும்படி கத்தினாள். தவறாகச் செய்து இன்னும் கெடுத்துவிடுகிறேனோ?

"நீயெல்லாம் ஒரு தாயா? உட்டுத்தொல அம்மணி!" என்று மாமியார் ஓடி வந்தார்.

"அத்தை, அவ உழுந்தப்பப் பக்கத்துல இருந்தது நாந்தானுங்க. டாக்டர் கேட்டப்பச் சொல்லாம இருந்ததும் நாந்தான். இப்ப உடமாட்டேனுங்க."

அவர் உள்ளே போனார். மறுநாள் தானாக வந்து குழந்தையின் கைகளைப் பிடித்துக்கொண்டார். முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மூன்று மாதத்தில் பதினான்கு குச்சி. சர்ஜன் ஸ்கேல் வைத்து அளந்தார். ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம், வளர்ந்து முடியும் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்றார்.

"குச்சிங்க?"

"இன்னும் ஒரு வருசம். தினம் ஒரு வேளை."

என் மகள் அவரை முறைத்தாள். "இவரு மோசமுங்கம்மா" என்றாள். அவள் அழத் தொடங்குவதற்குள், "சரிங்க டாக்டர்" என்றேன்.