உதைக்காத லேப்டாப்

நான்கு மாதத்தில் ஹாஜிரா ஒன்பது செத்த லேப்டாப்புகளை எழுப்பி உட்கார வைத்திருந்தாள். விலைக்குப் போனது ஒன்றுகூட இல்லை. வருகிறவர்கள் தூக்கிப் பார்த்தார்கள், தடவிப் பார்த்தார்கள், பழசுங்களா என்று கேட்டார்கள். பழசுதான் என்று அவள் சொன்னதும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தவணையில் புதுசு வாங்கப் போய்விட்டார்கள்.

கடை அவளுடையது அல்ல, கணவர் சர்தாருடையது. தருமபுரியில் பென்னாகரம் ரோட்டோரம், மிக்ஸி, கிரைண்டர், டேபிள் ஃபேன் பழுது பார்க்கிற பத்தடிக் கடை. அதில் வாசலை ஒட்டி, வெயில் வெளிச்சம் நேராக விழுகிற இடத்தில் கிடந்த மேஜை மட்டும் ஹாஜிராவுடையது. அரிசிக் குருணையில் பாதி இருக்கிற சாமான்களைப் பற்றவைக்கிற வேலைக்கு அந்த வெளிச்சம்தான் உயிர். அந்த மேஜைக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. சர்தாரின் அக்கா மகன் அர்பாஸ் வாசலில் கரும்பு ஜூஸ் மிஷின் போடுகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். சர்தார் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு தீர்ப்புச் சொன்னார். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஒரு லேப்டாப்பாவது விற்றால் மேஜை இருக்கிற இடத்திலேயே இருக்கும். இல்லாவிட்டால் ஞாயிறு காலை மேஜை பின்னால், கக்கூஸ் கதவோரம் போகும். அங்கே பட்டப்பகலிலும் டியூப் லைட் போட வேண்டும்.

ஹாஜிரா பாலக்கோட்டுக்காரி. பத்தாவது வரை படித்தவள், நாற்பத்தாறு வயது. இந்தத் தொழிலுக்கு அவளைக் கொண்டுவந்தது கொரோனா. பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது மகள் ஹுமேராவின் லேப்டாப் படுத்துக்கொண்டது. ஊரில் எல்லாக் கடையும் சாத்திக் கிடந்தது. நான் மிக்ஸிக்குத்தான் வைத்தியன் என்று சர்தார் கையை விரித்துவிட்டார். ஹாஜிரா அவருடைய ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வீட்டில் பேசுவது தக்கினி உருது என்பதால், டெல்லிப் பையன்கள் இந்தியில் போடுகிற ரிப்பேர் வீடியோவெல்லாம் அவளுக்குக் குருமா செய்முறை மாதிரிப் புரிந்தது. உள்ளேயிருக்கும் மெமரித் தகட்டைக் கழற்றி அழிரப்பரால் தேய்க்கச் சொன்னான் ஒருவன். ஹுமேராவின் பென்சில் ரப்பரால் தேய்த்தாள். லேப்டாப் விழித்துக்கொண்டது. அன்றைக்கு ஏறிய போதை இன்னும் இறங்கவில்லை.

மகள் கல்யாணமாகி ஓசூருக்குப் போய்விட்டாள், ஸ்க்ரூ டிரைவர் திரும்பிப் போகவில்லை. பெங்களூரில் கம்பெனிகள் கழித்துக்கட்டியதை மூட்டையாக வாங்கிவரும் பழைய சாமான்காரர் ஒருவர் பழக்கமானார். மூன்று செத்ததிலிருந்து ஒன்று உயிரோடு வரும். மிச்சமானதையும் அவள் விடுவதில்லை. திரை உடைந்ததை எதிர் வீட்டு டி.வி.யில் மாட்டிக் கொடுத்தாள், அந்த வீட்டுப் பிள்ளைகள் அதில் கணக்குப் பாடம் படிக்கிறார்கள். கீபோர்டு செத்ததைக் கோழிக்கடைச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள், அது காலையில் கறி விலையும் மத்தியானம் கவாலிப் பாட்டும் காட்டுகிறது. எல்லாம் இனாம். இனாமாகப் போனது தீர்ப்பில் சேராது என்று சர்தார் கறாராகச் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு டவுன் பஸ்ஸிலிருந்து மூன்று பேர் இறங்கி வந்தார்கள். முன்னால் பெரியண்ணன், பென்னாகரத்துக்கு உள்ளே ஏதோ ஒரு ஊரில் துவரையும் கடலையும் போடுகிறவர். பக்கத்தில் அவர் மகள் அன்புச்செல்வி, காலேஜில் கம்ப்யூட்டர் இரண்டாம் வருஷம். பின்னால் தோளில் அகலமான பச்சைத் துண்டுடன் குப்புராஜ் என்று ஒருவர். அவர் மாட்டுத் தரகர்.

லேப்டாப் வாங்க மாட்டுத் தரகர் எதற்கு என்றால், பெரியண்ணன் அவரை முதலில் மாட்டுக்குத்தான் கூப்பிட்டிருந்தார். மகளுக்குப் புது லேப்டாப் வாங்குவதற்காக வீட்டில் இருந்த ஒரே கறவை மாட்டை விற்கலாம் என்று யோசனை. குப்புராஜ் மாட்டைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இது ஏழு மாதச் சினை, இதை விற்கிறவன் மடையன் என்று சொல்லிவிட்டார். தருமபுரியில் ஒரு பாயம்மா செத்த லேப்டாப்பை எழுப்பித் தருவதாகக் கேள்விப்பட்டதையும் அவரேதான் சொன்னார். சொன்ன வாயோடு, வாங்கும்போது நானும் கூட வருகிறேன் என்று கிளம்பியும் வந்துவிட்டார். இருக்கிற ஒன்பதில் நல்லதை ஹாஜிரா எடுத்து மேஜை நடுவில் வைத்தாள்.

குப்புராஜ் உட்காரவில்லை. மேஜையை இடப்பக்கமாக ஒரு சுற்று, வலப்பக்கமாக ஒரு சுற்று வந்தார். லேப்டாப்பைத் தூக்கி வயிற்றுப்பக்கம் திருப்பி, ஒட்டியிருந்த ஸ்டிக்கர்களை மாட்டுக்குச் சுழி பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தார். எத்தனை ஈத்து ஆகியிருக்கும் என்று கன்றுக் கணக்கில் வயசு கேட்டார். தயாரித்த வருஷம் எங்கே அச்சாகியிருக்கிறது என்று ஹாஜிரா காட்டினாள். எத்தனை வேளை கறக்கும் என்றார். ஒரு கணம் யோசித்து, முழுசாக சார்ஜ் போட்டால் இரண்டரை மணி நேரம் என்றாள். அடுத்து அவர் கட்டைவிரலால் கீபோர்டை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை தடவினார்.

“பல்லு தேஞ்சிருக்குதுங்க.”

அன்புச்செல்வி துப்பட்டாவை வாய்க்குக் கொடுத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அவள் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

“உதைக்குங்களா, பாயம்மா?”

பின்னால் மிக்ஸி ஜாருக்கு பிளேடு மாற்றிக்கொண்டிருந்த சர்தார் தலையை நிமிர்த்தினார். ஹாஜிரா நேராகச் சொல்லிவிட்டாள்.

“உதைக்குங்க. மூடியப் பாதிக்கு மேல தொறந்தா படம் போயிரும். கொஞ்சம் கீழ எறக்குனா வந்துரும். உள்ள திரைக்குப் போற ஒயர் தேஞ்சிருக்கு, மாத்த வேற ஒயர் கெடைக்கல. பாதியிலயே வெச்சு வேல பாத்தா ஒரு தொந்தரவும் இல்லீங்க.”

சர்தார் கையிலிருந்த பிளேடு தரையில் விழுந்து உருண்டது. குப்புராஜுக்கும் அதே அதிர்ச்சிதான். முப்பது வருஷத்தில் எந்தச் சந்தையிலும் எந்த விற்கிறவனும் உதைக்கும் என்று தன் வாயால் சொன்னதில்லை. பெரியண்ணனை ஓரமாக இழுத்துப்போய் ரகசியம் பேசினார். கடை பத்தடி அகலம் என்பதால் ரகசியம் எல்லோருக்கும் கேட்டது. உதைக்கிறதையே இந்தம்மா சொல்கிறதென்றால், சொல்லாமல் வைத்திருப்பது எவ்வளவு பெரிசாக இருக்கும் என்பதுதான் அவர் கவலை. திரும்பி வந்து, நடக்க விட்டுப் பார்க்க வேண்டும் என்றார்.

அதற்குப் பக்கத்து டீக்கடை மாஸ்டர் கதிரவனின் மொபெட் வந்தது. லேப்டாப்பை ஒரு சாக்கில் சுற்றி குப்புராஜ் மடியில் வைத்துக்கொண்டார், பெரியண்ணன் வண்டியை எடுத்தார். கிளம்பும்போதே ஒரு வேகத்தடையில் ஏறி இரண்டு பேரும் ஒரு சாண் எழும்பி உட்கார்ந்தார்கள். ஹாஜிரா மனசுக்குள் ஸ்க்ரூக்களை எண்ண ஆரம்பித்தாள். அடிப்பக்கத்தில் பதினொன்று. அதில் ஒன்று மிக்ஸி ஸ்க்ரூ. அன்புச்செல்வி மெதுவாகப் பக்கத்தில் வந்து, எங்கப்பா இப்படித்தான் அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க என்றாள். நினைக்க ஒன்றும் இல்லை, உங்கப்பா குழி பார்த்து ஓட்டுவாரா என்று மட்டும் ஹாஜிரா கேட்டாள். பார்த்துத்தான் ஓட்டுவார், ஆனாலும் குழியில்தான் விடுவார் என்றாள் அந்தப் பெண். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அரை மணி கழித்து வண்டி திரும்பியது. குப்புராஜின் மீசை செம்மண்ணாக இருந்தது. தோண்டிப் போட்டிருக்கிற சந்து பொந்தெல்லாம் போய் வந்ததாகத் திருப்தியோடு சொன்னார். ஹாஜிரா பட்டனை அழுத்தினாள். விளக்கு எரிந்தது, திரை வெளுத்தது, எழுத்து வந்தது. அன்புச்செல்வி மூடியைப் பாதி திறந்தாள். முக்கால் திறந்தாள். முழுசாக, மேஜைமேல் படுக்கிற மாதிரி மல்லாத்தினாள். படம் அசையாமல் பளிச்சென்று இருந்தது.

உதைக்கவில்லை.

குப்புராஜ் ஓரடி பின்னால் போனார்.

“தெனமும் ஒதைக்கிற மாடு ஒரு நாளு ஒதைக்காம நின்னா, அதுக்கு என்னமோ குடுத்திருக்காங்கன்னு அர்த்தமுங்க. சாராயத்த ஊத்தி ஓட்டியாறவனெல்லாம் நான் பாத்திருக்கேன். என்னா குடுத்தீங்க, பாயம்மா?”

“நீங்கதானேங்க மடியில வெச்சிருந்தீங்க” என்றாள் ஹாஜிரா.

அதன் பிறகு நடந்ததை இன்றைக்கும் அந்த ரோட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். விற்க வேண்டியவள் தன் சரக்கு கெட்டது என்று நிரூபிக்கப் பாடுபட்டாள். மூடினாள், திறந்தாள், சாய்த்தாள், ஓரத்தில் தட்டினாள், ஆட்டினாள். படம் போகவே இல்லை. டீ குடிக்க வந்தவர்கள் கிளாஸோடு வந்து நின்றார்கள். கதிரவன் பாலை அடுப்பில் விட்டுவிட்டு வந்துவிட்டார். லாரி டிரைவர் ஒருவர், தொப்பூர் கணவாயில் தன் வண்டி ஹெட்லைட்டும் இப்படித்தான் மெக்கானிக்கைக் கண்டால் எரியும் என்று ஆறுதல் சொன்னார். கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. உதைக்கும் என்று பாதிப்பேர், இனி உதைக்காது என்று பாதிப்பேர். ஒவ்வொரு முறை மூடி திறக்கும்போதும் எல்லாத் தலையும் சேர்ந்து முன்னால் சாய்ந்தது, படம் நின்றதும் சேர்ந்து பின்னால் போனது. ஹாஜிராவுக்கு அழுகை வர வேண்டிய இடத்தில் சிரிப்பு பொங்கியது. முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு ஒரு கையாலேயே திறந்து மூடினாள்.

சர்தார் அவள் காதருகே குனிந்து தக்கினியில் சொன்னார். “சரியாயிருச்சுன்னு சொல்லிக் குடுத்துத் தொலை. மேஜை உனக்கு வேணுமா வேண்டாமா?”

மேஜை வேண்டும். உள்ளே எது போனது, எது வந்தது என்று தெரியாத ஒன்றை ஒரு பெண்ணின் படிப்புக்குத் தூக்கிக் கொடுக்கவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊரில் திரும்பவும் படம் போனால் ஓடி வர இரண்டு பஸ் மாற வேண்டும். ஹாஜிரா லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு ஸ்க்ரூவைக் கழற்ற ஆரம்பித்தாள். அன்புச்செல்வி கழற்றிய ஸ்க்ரூக்களை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள்.

அடிப்பக்கத்தை எடுத்து, கீல் பக்கம் டார்ச் அடித்ததும் தெரிந்துவிட்டது. ஒயர் தேயவே இல்லை. கீலுக்கு அடியில் ஒயர் நசுங்கியிருந்த தடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் இன்னொரு லேப்டாப்பிலிருந்து கீலை எடுத்து இதில் மாட்டியது அவள்தான். மாட்டும்போது ஒயர் அடியில் சிக்கியதைப் பார்க்காமல் ஸ்க்ரூவை முடுக்கியதும் அவள்தான். மொபெட் குலுக்கிய குலுக்கலில் ஒயர் தானே நழுவி வெளியே வந்துவிட்டது. பழி ஒயர்மேல் போட்டாயிற்று, அப்படியே விட்டாலும் யாருக்கும் தெரியாது. சர்தார் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கும் மிக்ஸி மூலமாக ஒயர் தெரியும்.

“ஒயர்மேல தப்பு இல்லீங்க” என்றாள் ஹாஜிரா, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. “நான் மாட்டுனப்ப கீலுக்கு அடியில விட்டு நசுக்கியிருக்கேன். ரெண்டு மாசமா தேஞ்ச ஒயர்னு சொல்லிட்டிருந்தேன். நீங்க குலுக்கி ஓட்டுன வண்டி எடுத்து விட்டிருச்சு.”

ஒயரை அதற்குரிய காடிப் பள்ளத்தில் படுக்க வைத்து, டேப் ஒட்டி, கீலை மறுபடி முடுக்கினாள். மிக்ஸி ஸ்க்ரூ உட்பட பதினொன்றும் உள்ளே போயிற்று. குப்புராஜ் நாற்பது தடவை திறந்து மூடினார், கூட்டம் உரக்க எண்ணியது. நாற்பதாவதுக்குப் பிறகு அவர் முதல்முறையாக ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“தாம் பண்ணுன கோளாற இத்தன சனத்துக்கு முன்னால சொல்றவங்ககிட்ட வாங்குலாம், பெரியண்ணா.”

அன்புச்செல்வி லேப்டாப்பை ஏற்கெனவே நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

விலை பேச வேண்டும். பழக்கதோஷத்தில் குப்புராஜ் பச்சைத் துண்டை உதறி வலது கைமேல் போட்டு, மாட்டுச் சந்தையில் போல அதற்கடியில் விரல் பிடித்து விலை பேச ஹாஜிராவின் பக்கம் நீட்டினார். நீட்டிய பிறகுதான் எதிரே நிற்பது பொம்பளை என்பது உறைத்தது. சூடு பட்ட மாதிரி இழுத்துக்கொண்டார். கூட்டம் சர்தாரை முன்னால் தள்ளியது. சர்தாருக்கு விரல் பாஷையில் ஆனா ஆவன்னா தெரியாது. ஹாஜிரா தக்கினியில் விலையைச் சொன்னதும் துண்டுக்குள் கையை விட்டு, அகப்பட்ட விரல்களைப் பிடித்துக்கொண்டார். குப்புராஜ் ஒரு விரலை மடக்கப் பார்த்தார். எதை விட்டாலும் மனைவிக்கு நஷ்டம் வருமோ என்று பயந்து சர்தார் எதையும் விடவில்லை. மிக்ஸி ஜார் திருகித் திருகி இரும்பான கை. துண்டு அங்குமிங்கும் துள்ளியது.

“பாய் அசைய மாட்டேங்கறாருங்க” என்று கடைசியில் குப்புராஜ் பெரியண்ணனிடம் சரணடைந்தார். ஹாஜிரா சொன்ன விலைக்கே முடிந்தது. விரலை உதறி ஊதிக்கொண்டே, இந்த மாதிரி ஆளைச் சந்தையில் பார்த்ததில்லை என்றார். சர்தார் அதை ஒரு பட்டம் வாங்கிய மாதிரி வாங்கிக்கொண்டார்.

மூன்று பேரும் பன்னிரண்டு மணி பஸ்ஸில் ஏறினார்கள். ஆனால் கூட்டம் கலையவில்லை. லாரி டிரைவர் வீட்டில் ஒன்று செத்துக் கிடந்தது. கதிரவன் வீட்டில் பரண்மேல் இரண்டு. யார் யாருக்கோ போன் போனது, மூன்று மணிக்குள் பையில், சாக்கில், தலையணை உறையில் என்று பதினாறு லேப்டாப் வந்து மேஜையில் ஏறியது. சர்தார் டீ கிளாஸை வைக்க இடம் தேடிப் பார்த்துவிட்டு, கையிலேயே பிடித்தபடி அர்பாஸுக்கு போன் போட்டு, ஜூஸ் மிஷினை அவன் மாமனார் கடை வாசலில் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

கடைசியாக வந்தது எதிர்வரிசை இட்லிக்கடை சசிகலா. மகன் பள்ளிக்கூடத்தில் வாங்கிய லேப்டாப்பை இரண்டு கையாலும் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு வந்தாள். ஹாஜிரா வாங்கிக் கவிழ்த்ததும் கீபோர்டு இடுக்கிலிருந்து ராகி மாவு பொலபொலவென்று கொட்டியது. ஆறு வருஷமாக அது மாவு டிரம்முக்கு மூடியாக இருந்ததாம்.

“எழுப்பிருவீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க, சரிதான்” என்றாள் சசிகலா, மனசில்லாமல் பார்த்தபடி. “எழுப்பிட்டீங்கன்னா என் டிரம்ம நான் எத வெச்சு மூடறது? வூட்டுல பல்லித் தொல்ல.”

ஹாஜிரா சர்தாரைப் பார்த்தாள். சர்தார் டீ கிளாஸை ஓர் ஆளிடம் கொடுத்துவிட்டு, மேஜைக்கு அடியில் மண்டியிட்டு, உடைசல் பெட்டியைக் கிளறி, உடைந்த திரையோடு கிடந்த ஒரு பெரிய மூடியை இழுத்து எடுத்தார். வேட்டியால் துடைத்து நீட்டினார். சசிகலா அதை வாங்கி முழங்கையில் வைத்து அளந்தாள், புரட்டிப் பார்த்தாள், விரலால் தட்டிச் சத்தம் கேட்டாள்.

“இதுல ஒரு சுத்து சின்னதா இருக்குதுங்களா, பாய்?”