எமில்டாவைத் துரத்தவில்லை

"துரத்தேல்ல எண்டு எத்தினை தரம் சொல்லிறது கமலாசனி? துரத்தினால் உடுப்புப் பெட்டியை அங்க விட்டிட்டு வருவாளே? ஹொஸ்டலில கட்டில் இன்னும் அவளின்ர பேரிலதான் கிடக்கு."

குழாயடியில் ஜோசப்பின் வாளியைத் தொப்பென்று வைத்தாள். பக்கத்து வீட்டுக் கமலாசனியும் லேசில் விடுகிற ஆளில்லை.

"ஊர் கதைக்குது அக்கா. கம்பஸில உங்கட பிள்ளையைக் கண்காணிப்பில வைச்சிருக்கினமாம். பொம்பிளைப் பிள்ளை எண்டபடியால்தான் கேட்டனான்."

"அவளென்ன களவெடுத்தவளே? மாக்ஸ் குறைஞ்சது, அவ்வளவுதான். கரைவலை ஒருக்கா மீனில்லாமல் வெறும் மடியோட வந்தால் வலைக்காரச் சம்மாட்டி ஆக்களைக் கலைக்கிறவரே? இன்னொருக்கா வளைச்சுப் பார்க்கச் சொல்லுவார். அங்கயும் அப்பிடித்தான் சொல்லியிருக்கினம். போய் ஊருக்குச் சொல்லு."

ஊருக்கு என்ன தெரியும்? முள்வேலி முகாமில், கூடாரத்து வெயிலுக்குள் இருந்து எழுத்துப் படித்த பிள்ளை எமில்டா. திரும்பி முல்லைத்தீவுக் கரைக்கு வந்த பிறகு, தகப்பன் மரியநேசன் கடலுக்குப் போக, இவள் இறால் உரித்து வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் ஓடினாள். அந்தக் கையை எத்தனை தரம் கழுவினாலும் மணம் போகாது. வகுப்பில் மூக்கைப் பொத்தின பிள்ளைகளும் உண்டு. அவள் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்ததில்லை. மலைநாட்டுப் பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டபோது அந்த ஒழுங்கையிலேயே முதல் ஆள் அவள்தான்.

பிழை நடந்தது போன வருசக் கோவில் பெருநாளில்தான். அந்தக் கரையில் கொடியேறினால் நவநாள் ஒன்பது நாளும் பிள்ளைகள் வீட்டில் நிற்க வேண்டும். எங்கே வேலை செய்தாலும் வந்துவிடுவார்கள். வராத பிள்ளையைச் செத்த பிள்ளை மாதிரிக் கதைப்பார்கள். எமில்டாவோ கோவிலில் பாட்டை எடுத்துக் கொடுக்கிறவள். ஜோசப்பின் போன் எடுத்தாள், பிள்ளை வந்தாள். அடுத்து செத்துப்போன மாமனுடைய முப்பத்தோராம் நாள் பூசை, அதற்கும் வந்தாள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, இன்னொரு வெள்ளிக்கிழமை, "சும்மா ஒருக்கா வந்திட்டுப் போவன்" என்று. ஜோசப்பினுக்குக் கம்பஸும் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடமும் ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் ஃபாதர் ஒரு வார்த்தை சொன்னால் லீவு சரி. கம்பஸுக்கும் ஃபாதரையே பேச வைத்தாள். அங்கே போனை எடுத்தவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "எங்கட பீடத்தில எண்பது வீதம் வரவு இல்லாட்டில் சோதினைக்கு இருக்கேலாது ஃபாதர்" என்று சொல்லிவிட்டார்.

வரவு போதாமல் இரண்டு பாடத்துக்கு எமில்டா சோதனை எழுதவில்லை.

லீவில் வந்தவள் குசினியில் இறால் உரித்தபடி எல்லாவற்றையும் சொன்னாள்.

"சராசரி நாலுக்கு ரெண்டெண்டாலும் எடுக்கோணும் அம்மா. எனக்கு ஒண்டரைதான் வந்தது. அதுக்குத்தான் இந்தப் புறொபேசன், கண்காணிப்பு. வாற செமஸ்ரர் முழுக்க என்னைப் பாத்துக்கொண்டிருப்பினம். புதுப் பாடத்தைக் குறைச்சுத் தந்திருக்கினம். ரெண்டு கிழமைக்கு ஒருக்கா ஆலோசகர் மிஸ்ஸைப் போய்ச் சந்திக்கோணும். விட்ட பாடத்தையும் எழுதோணும். எவ்வளவு திறமா எழுதினாலும் அதுக்கு 'சி'தான் தருவினம்."

"பிறகு?"

"இரண்டுக்கு ஏறினால் விட்டிடுவினம். பட்டத்தில இதொண்டும் எழுதமாட்டினம்."

"ஏறாட்டில்?"

"வீட்டுக்கு வந்திட வேண்டியதுதான்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் ஜோசப்பினுக்கு ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது. விடிய எழும்பினால் பக்கத்துப் பாயில் பிள்ளை. பின்னேரம் சீப்பால் இழுத்துவிட ஒரு தலை. மறுகணமே தன் மீது வந்த கோபத்தில் சட்டியை அடுப்பில் இடித்து வைத்தாள்.

"ஏனம்மா?"

"ஒண்டுமில்ல. சூடு."

செமஸ்டர் தொடங்குகிற திங்கட்கிழமைக்கு முதல்நாள் பின்னேரம்தான் அந்த வருசக் கொடியேற்றம். கொடியைப் பார்த்துவிட்டுப் போனால் என்ன, ஒரு நாள் பிந்தினால் குடியா முழுகிப்போகும் என்று ஜோசப்பின் அந்தக் கிழமை முழுக்க மனதுக்குள் வழக்காடினாள். கறிக்கு உப்புப் போடவும் மறந்தாள். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த மரியநேசன் நிமிராமலே சொன்னார்:

"நீ கேட்டால் அவள் நிப்பாள். அதாலதான் நீ கேக்கக்கூடாது."

ஞாயிறு மத்தியானம். கோவில் ஒலிபெருக்கியில் ஆரோ ஒரு பிள்ளை, எமில்டா எடுத்துக் கொடுக்கிற பாட்டை, சுருதி விட்டுப் பாடிப் பழகியது. எமில்டா தலை சீவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அந்த இடத்தை எப்படி ஏற்ற வேண்டும் என்று அவள் தொண்டைக்குத் தெரியும். பின்னலை முடித்துக் கட்டினாள். பையைத் தோளில் போட்டாள். வவுனியாவில் மாறுகிற பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

"அம்மா, இந்தமுறை பெருநாளுக்கு என்னைக் கூப்பிடாதேங்கோ. நீங்கள் கூப்பிட்டால் வந்திடுவன்."

கடைசி நாள், சொரூபக் கூடு ஊர் சுற்றுகிற அன்றைக்கு மட்டுமாவது வாவன் என்ற சொல் ஜோசப்பினின் பல்லுக்கு உள்ளே வந்து நின்றது. ஒரு முழு வருசமாக அவள் காத்திருந்த நாள் அது.

"ஆர் உன்னைக் கூப்பிடப்போறது? பெருநாள் நேரம் எனக்கு வேற வேலையில்லையே?" என்றாள். "நட, பஸ் போகப்போகுது."

எமில்டா தாயின் முகத்தை ஒருக்கால் பார்த்தாள். சிரித்தாள் போலவும் இருந்தது.

"போட்டு வாறன் அம்மா."

செருப்பைக் கொழுவிக்கொண்டு வாசலால் இறங்கினாள்.