விசில் டீச்சரும் பச்சைத் திரையும்

விசில் டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். விசில் ஓய்வு பெறவில்லை. பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்த காலத்து விசில் அது. கைப்பையில் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கும் தலைவலித் தைலத்துக்கும் நடுவில் கிடக்கும். பஸ் நிறுத்தத்தில் வரிசை குலைந்தால் ஊதுவார். கடையில் யாராவது இடையில் புகுந்தால் ஊதுவார். குறட்டை விட்ட கணவரின் காதருகே ஒருமுறை ஊதியதாகவும் பேச்சு உண்டு. கணவர் தையல்காரர். பரம சாது, ஆனால் நாக்கிலும் ஒரு ஊசி வைத்திருந்தார்.

ஊர்க் கிறிஸ்தவ சபைக்குச் செயலாளர் டீச்சர்தான். வேறு யாரும் அந்தப் பதவிக்குப் போட்டி போடவில்லை. போட்டி போட ஆள் வேண்டுமே! நூற்பாலை இரவும் பகலும் ஓடிய காலத்தில் கட்டிய ஆலயம் அது. அன்றைக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் திண்டில்கூட ஆள் உட்கார்ந்திருக்கும். ஆலை மூடியது. பிழைப்பு தேடி ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பியது. கட்டடம் மட்டும் எங்கே போகும்? அது அப்படியே நின்றது, உள்ளே ஆங்காங்கே நாலு தலையோடு.

ஒரு ஞாயிறு, அப்போதிருந்த வயதான போதகர் பிரசங்கத்தின் நடுவே காலிப் பெஞ்சுகளை நிமிர்ந்து பார்த்தார். வாய் அப்படியே நின்றுவிட்டது. புத்தகத்தை மூடிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். டீச்சருக்கு அதைப் பார்த்துத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கவில்லை.

அவருக்குத் தெரிந்த வித்தை ஒன்று இருந்தது. பள்ளியில் ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் பிள்ளைகள் குறைவாக வந்திருந்தால், மைதானத்தின் குறுக்கே கயிறு கட்டிவிடுவார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் மட்டும்தான் மைதானம். சின்ன இடத்தில் கொஞ்சம் பிள்ளைகள் நின்றாலும் பெருங்கூட்டமாகத் தெரியும். அதிகாரியும் பாராட்டிவிட்டுப் போவார்.

அதையே ஆலயத்திலும் செய்தார். பின்வரிசைப் பெஞ்சுகளைக் கழற்றிச் சுவரோரம் அடுக்கி, குறுக்கே கனமான பச்சைத் திரை ஒன்றைத் தொங்கவிட்டார். தைத்துக் கொடுத்தவர் கணவர்தான். துணியை மெஷினில் ஓட்டிக்கொண்டே சொன்னார்: "ஆளு இளைச்சுட்டா வேளாவேளைக்குச் சாப்பாடு போடணும் டீச்சர். நீ சட்டையைப் பிடிச்சுத் தைக்கச் சொல்ற."

"உங்க வேலை தைக்கிறது. தைங்க."

வாசல் கதவு திரைக்குப் பின்னால் போய்விட்டதால், எல்லோரும் பக்கவாட்டுக் கதவு வழியாக வந்தார்கள். ஆட்கள் குறையக் குறையத் திரை முன்னால் நகர்ந்தது. பெஞ்சுகள் பின்னால் குவிந்தன. குறை சொல்வதற்கில்லை, வித்தை பலித்தது. பாட்டுச் சத்தம் கணீரென்று கேட்டது. அந்த வயதான போதகர் தலைநிமிர்ந்து பேசினார். சில ஞாயிறுகளில் பக்கக் கதவில் யாரோ வந்து நிற்பார்கள், உள்ளே எட்டிப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். டீச்சருக்கு அதில் தனிப் பெருமை. "பாத்தீங்களா, நிக்க இடமில்லாம திரும்பிப் போறாங்க!" என்று கமிட்டியில் சொல்லுவார். கமிட்டியும் தலையாட்டும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே பாதிக் கோயிலையே மறைத்து வைத்திருந்தார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் பேராயர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. புதிதாகப் பொறுப்பேற்ற பேராயர் வருகிற ஞாயிறு நேரில் வருகிறார். ஆட்கள் இல்லாத சபைகளைப் பக்கத்துச் சபைகளோடு சேர்த்துவிட்டுக் கட்டடங்களைப் பூட்டப்போகிறார்கள். இங்கே பூட்டுவதா வேண்டாமா என்று அவர் கண்ணால் பார்த்து முடிவு செய்வார்.

 கட்டடத்தைப் பூட்டினால் வெளிக் கேட்டையும் பூட்டுவார்கள். கேட்டுக்கு உள்ளே, பின்பக்கக் கல்லறைத் தோட்டத்தில், நடை பழகிய வயதில் காய்ச்சலில் போன டீச்சரின் மகள் இருந்தாள். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் அந்தச் சின்னக் கல்லைத் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். ஒரு வாரம்கூட விட்டதில்லை. இனி அந்தக் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்க வேண்டுமா? 

புதிதாக வந்திருந்த இளம் போதகர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "திரையை எடுத்துட்டு உள்ளதைச் சொல்லிடலாமே, டீச்சர்."

"உள்ளதைச் சொன்னா உள்ளதும் போயிடும் ஐயா. நீங்க பிரசங்கத்தைப் பாருங்க, கூட்டத்தை நான் பாத்துக்கறேன்."

சனிக்கிழமை திரையை இன்னும் ஒரு வரிசை முன்னால் நகர்த்தினார். பெஞ்சுக் கால்கள் இருந்த இடத்தில் தரையில் திருகாணித் துளைகள் தெரிந்தன. அதன்மேல் விரிப்பைப் போட்டார். வீடு வீடாகப் போய், கால்வலிக்காரர்களையும் கோபித்துக்கொண்டு வராமல் இருந்தவர்களையும் வரச் சொன்னார். கேட்டுக்கொண்டார் என்று சொல்ல முடியாது, உத்தரவு போட்டார்.

ஞாயிறு வந்தது. பேராயரும் வந்தார். ஒல்லியான, அதிகம் சிரிக்காத மனிதர். பக்கக் கதவு வழியாக நுழைந்தவரின் செருப்பு விரிப்பின் ஓரத்தில் தட்டியது. விரிப்பு மடங்கியது.  பேராயர் குனிந்து விரிப்பைத் தானே சரி செய்தார். துளைகளைப் பார்த்தாரோ இல்லையோ, முகத்தில் எதுவும் தெரியவில்லை. பெஞ்சுகளைப் பார்த்தார், ஒரு இடம் காலியில்லை. "பரவாயில்லையே, நிறைஞ்சிருக்கே" என்றபடி முன்னால் போய் உட்கார்ந்தார்.

டீச்சர் பக்கக் கதவருகே நின்று மூச்சு விட்டார். முதல் பாட்டு தொடங்கியது. ஜெயித்தாகிவிட்டது, இன்னும் கொஞ்ச நேரம்தான்.

அப்போது படியில் காலடிச் சத்தம். பழைய ஆலை இருந்த இடத்தில் இப்போது பெரிய சலவைக்கூடம் நடக்கிறது. ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பெல்லாம் அங்கேதான் வெளுக்கும். எங்கெங்கிருந்தோ வந்து விடுதியில் தங்கி வேலை செய்கிற பெண்கள். இரவு ஷிஃப்ட் முடிந்து, நீலச் சீருடையோடு ஒரு கூட்டமாக வந்து நின்றார்கள். தண்ணீரில் ஊறி விரல்களெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தன. முன்னால் நின்றவள் பருத்த உடம்புக்காரி. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் பின்னால் இருந்தவர்களிடம் உதட்டைப் பிதுக்கினாள்.

டீச்சருக்கு ஆசை வந்தது. இவர்கள் சுவரோரம் நின்றால் பேராயர் அசந்துபோவார்! குரலைத் தாழ்த்தி, "வாங்க வாங்க, உள்ள நின்னுக்கலாம்" என்றார்.

பருத்தவள் சங்கடமாகச் சிரித்தாள். "ராத்திரி பூரா நின்னுட்டு வர்றோம்மா. உக்கார இடம் இருந்தா வரலாம்னுதான் பாத்தோம். இதோட எத்தனையோ தடவை வந்துட்டோம், எப்பப் பாத்தாலும் நிறைஞ்சே இருக்கு. நீங்கல்லாம் கொடுத்து வச்சவங்க. நாங்க வரோம்."

சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். மற்றவர்களும் திரும்பினார்கள்.

டீச்சர் அப்படியே நின்றார். கதவில் வந்து நின்று போன அந்த முகங்களெல்லாம் இவர்கள்தானா? எத்தனை ஞாயிறு அதைப் பார்த்துப் பூரித்திருப்பார்! கைக்கெட்டும் தூரத்தில், திரைக்குப் பின்னால், தூசி படிந்து கிடந்தன பெஞ்சுகள். திரையைத் தொட்டால் பேராயர் பார்ப்பார். பூட்டு விழும். கேட்டு மூடும். அந்தச் சின்னக் கல் உள்ளேயே இருந்துவிடும். தொடாவிட்டால் ஒன்றும் ஆகாது, எல்லாம் இப்படியே நடக்கும். இந்தப் பெண்கள் போவார்கள். அடுத்த வாரம் வரமாட்டார்கள். திரை இன்னும் ஒரு வரிசை முன்னால் வரும்.

பருத்தவள் கேட்டுக்குப் பக்கத்தில் போய்விட்டாள்.

டீச்சர் கைப்பைக்குள் கையை விட்டார். ஆராதனை நடுவே, பேராயர் முன்னிலையில், விசில் வீறிட்டது.

பாட்டு நின்றது. சபை மொத்தமும் விருட்டென்று எழுந்து நின்றது. அதில் பாதிப் பெண்கள் அவரிடம் படித்தவர்கள், பாவம், பழக்க தோஷம். கேட்டருகே நீலச் சீருடைகள் திரும்பிப் பார்த்தன.

"போகாதீங்க! இடம் இருக்கு!" என்று கத்திக்கொண்டே டீச்சர் திரையைப் பிடித்து இழுத்தார். வளையம் சிக்கிக்கொண்டது. மறுபடி இழுத்தார், வரவில்லை.  கணவர் பக்கத்தில் வந்து நின்றார். "விடு. தைச்சவனுக்குத் தெரியும், எங்க பிரியும்னு." வளையங்களைத் தைத்திருந்த நூலின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். திரை மொத்தமும் பொத்தென்று தரையில் விழுந்தது.

பின்னால் இருந்த பாதி ஆலயம் வெளிச்சத்துக்கு வந்தது. பரணைப்போல அடுக்கிய பெஞ்சுகள், ஒட்டடை, பூட்டிய வாசல் கதவு.  இத்தனை காலமும் தெரிந்தே தெரியாததுபோல் இருந்தவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

டீச்சர் பேராயரைப் பார்த்து நின்றார்.  "ஐயா, நிறைஞ்சிருக்குன்னு நீங்க பாத்தது பொய். நாங்க இவ்வளவுதான் இருக்கோம். நான்தான் மறைச்சு வச்சேன். பூட்டுறதுன்னா அப்புறம் பூட்டிக்குங்க. இவங்க ராத்திரி பூரா நின்னவங்க, இவங்களை முதல்ல உக்கார வைக்கணும்."

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மறுபடி ஒரு விசில். "பெஞ்சுக்கு ரெண்டு பேர். தூக்கு!"

ஊர்க்காரர்கள் முக்கி முனகித் தூக்குவதற்குள், சலவைக்காரப் பெண்கள் உள்ளே வந்து மளமளவென்று இறக்கினார்கள். நனைந்த விரிப்பு மூட்டையைத் தூக்குகிற கைகளுக்குப் பெஞ்சு எம்மாத்திரம்! முந்தானையாலும் கைக்குட்டையாலும் தூசி தட்டி உட்கார்ந்தார்கள். அவர்கள் உட்கார்ந்த பிறகும் ஆலயத்தில் பாதி காலிதான். முன்னைவிட வெறிச்சென்று தெரிந்தது. பேராயர் எழுந்தார், நடுவழியே நடந்து கடைசிப் பெஞ்சுக்குப் போய்த் தனியாக உட்கார்ந்தார். ஆராதனை முடியும்வரை அங்கிருந்து அசையவில்லை. டீச்சருக்குப் பாட்டும் கேட்கவில்லை, பிரசங்கமும் கேட்கவில்லை.

எல்லோரும் கலைந்தபின் பேராயர் கல்லறைத் தோட்டத்தில் டீச்சரைக் கண்டுபிடித்தார். அவர் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார், கடைசித் தடவை என்று நினைத்து.

"விரிப்புக்குக் கீழ துளையைப் பாத்தேன்" என்றார் பேராயர். "நீங்களா சொல்வீங்களான்னுதான் உக்காந்திருந்தேன்."

டீச்சர் துடைத்த துணியோடு எழுந்து நின்றார்.

"ஒரு வருஷம் பாக்கலாம். வாசல் கதவைத் திறந்து வைங்க."

அந்த ஒரு வருஷம் பல வருஷமாகிவிட்டது. ஆராதனை நேரம் சலவைக்கூட ஷிஃப்டுக்கு ஏற்றபடி மாறியது. பழையவர்கள் முணுமுணுத்தார்கள், பிறகு வந்தார்கள். பருத்தவள் இப்போது கமிட்டியில் இருக்கிறாள், டீச்சரோடு சண்டை போடுகிற அளவுக்குத் தைரியசாலி. இரண்டு பேருக்கும் ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை. விழுந்த திரையைத் தையல்காரர் பெஞ்சுக்கு மெத்தையாகத் தைத்துவிட்டார். ஆலயம் இன்றுவரை முழுதாக நிறைந்ததில்லை.

டீச்சர் உட்காருவது கடைசிப் பெஞ்சில், திறந்த வாசலை ஒட்டி. பாட்டு நடக்கும்போது யாராவது படியில் தயங்கி நின்று, "இடம் இருக்குமா?" என்று கேட்டால் அவர் நகர்ந்து உட்கார்ந்து பக்கத்தில் தட்டிக் காட்டுவார்.

"எங்ககிட்ட இருக்கிறதே அது ஒண்ணுதான். வந்து உக்காருங்க."