மலைத் தண்ணீருக்குப் பொது நிதி

எங்கள் குடியிருப்பில் நான் நுழையாத அடுப்படி கிடையாது. சுங்கை சிப்புட் கடையிலிருந்து லாரியில் கேஸ் தோங்குகளை, அதாவது சிலிண்டர்களை, ஏற்றி வந்து வீடு வீடாக மாட்டிக் கொடுப்பது என் வேலை. காலித் தோங்கைக் கழற்றுவேன், புதியதை மாட்டுவேன், சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்ப்பேன், வந்துவிடுவேன். பேச்சு எனக்கு வராது. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றவன். நாலு பேர் கூடினால் தூண் மறைவாகப் பார்த்து நின்றுகொள்வேன். அன்று கோயில் மண்டபத்தில் கூட்டம் முடிகிற நேரத்தில், "வீடு வீடாப் போயி கேக்குறது யாரு?" என்று ஒருவர் கேட்டபோது, எல்லாரும் அந்தத் தூணைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

ரப்பர் தோட்டத்தை விற்று, மரங்களை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்ட பிறகு எங்களுக்குக் கிடைத்த வீடுகள் இவை. நகரத்துத் தண்ணீர்க் குழாயின் கடைசி முனையில் இருக்கிறோம். கொஞ்ச நாள் மழை பெய்யாவிட்டால் குழாய் இருமும், காற்று வரும், தண்ணீர் வராது. என் மனைவி தோசை மாவு ஆட்டி ஈப்போ சாலையோரக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். ஊறப்போட்ட அரிசியைக் கழுவத் தண்ணீர் இல்லாமல் அப்படியே கொட்டிய நாட்கள் உண்டு. அடுத்த வெயில் காலமும் இப்படியே போனால் கிரைண்டரை விற்றுவிட்டு ஈப்போவில் ஏதாவது ஹோட்டலில் துணி துவைக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

குடியிருப்புக்குப் பின்னால், செம்பனைக்கு மேலே மலை. அங்கே ஓர் ஓடையும், தோட்ட நிர்வாகம் அந்தக் காலத்தில் கட்டிய சின்ன அணையும் இருக்கின்றன. அதிலிருந்து வந்த இரும்புக் குழாய் துருப்பிடித்து எப்போதோ போய்விட்டது. அதைத் திரும்பப் போட முடியுமா என்று பார்க்கத்தான் அந்தக் கூட்டத்துக்கு ஈப்போவிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். இந்த மாதிரி வேலைகளுக்கு உதவும் ஓர் அமைப்பில் இருப்பவர். செட்டிநாட்டுப் பக்கத்துக் குடும்பம், ஈப்போவில் வெகுகாலமாக வியாபாரம். எங்கள் ஆட்கள் அவரை 'மிஸ்' என்று கூப்பிட ஆரம்பித்து, கடைசிவரை அப்படியே கூப்பிட்டார்கள்.

"குழாய், தொட்டி, பில்டர் எல்லாம் நாங்க தாரோம். அனுமதியும் நாங்க பார்த்துக்குறோம்," என்றார் அவர். "ஆனா குடுத்த எடத்துல எல்லாம் கொஞ்ச நாள்ல கெட்டுப்போயி நிக்குது. பில்டர்ல இருக்குற மணல மாத்த ஆள் இல்ல, காசு இல்ல. அதனால மாசா மாசம் எல்லா வீடும் ஒரு பொது நிதியில போடணும். பழுது பாக்குறது, கரை சரியாம ஓடையோரம் மூங்கில் நடுறது எல்லாம் அதுலதான். அப்படி ஒரு நிதி இங்க நிக்குமா நிக்காதான்னு முதல்ல தெரியணும். நிக்காதுன்னா குழாய் வேற ஊருக்குப் போயிடும்."

அடுத்த நாளே கேட்க ஆரம்பித்தேன். தோங்கை மாட்டி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டே, "மலைத் தண்ணிக்கு மாசா மாசம் எல்லாரும் போடப் போறோம். நீங்க போடுவீங்களா?" என்பேன். அவ்வளவுதான் எனக்கு வந்த பேச்சு. அதற்கே பதில் உடனே வந்தது.

"போடுறேன் அண்ணே!"

"எனக்கு ரெண்டு பங்கு எழுதிக்கோங்க."

எங்கள் குடியிருப்பான இந்தத் தாமானுக்குள் மூலை வீட்டில் இருக்கும் டயர் கடைக்காரர், ஒரு டீ விஷயத்தில்கூட யாருக்கும் சட்டென்று தலையாட்டாதவர், "நான் இல்லாமலா?" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. லாரி ஓட்டும்போது மலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். குழாய் எந்தப் பக்கமாக இறங்கும், தொட்டி எங்கே உட்காரும் என்று மனசுக்குள் கட்டி முடித்துவிட்டேன். ஒரு வீடுகூட இல்லை என்று சொல்லவில்லை. மிஸ்ஸுக்குப் போன் போட்டேன். "எல்லாரும் சரின்னுட்டாங்க மிஸ்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"எல்லாருமா?" என்று கேட்டார்.

"எல்லாரும்."

அன்று சாயங்காலம் என் மனைவி உளுந்து களைந்துகொண்டே சொன்னாள்: "எனக்கு மூணாவது மாசம் குடுக்கச் சொல்லுங்க. மேல வீட்டு அக்காவுக்கு ரெண்டாவது, எனக்கு மூணாவது. பேசி வச்சிட்டோம்."

"என்னது மூணாவது?"

"சீட்டுப் பணம்லா. கிரைண்டர் மாத்த வேணாமா?"

"இது சீட்டு இல்ல."

அவள் கையை நிறுத்தினாள். "மாசா மாசம் எல்லாரும் போடுறது சீட்டு இல்லாம வேற என்னவாம்?"

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் பெண்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் இருந்த நாளிலிருந்து சீட்டுப் பிடிப்பவர்கள். மாதம் எல்லாரும் போடுவார்கள், ஒரு வீடு மொத்தமாக எடுத்துக்கொள்ளும், அடுத்த மாதம் அடுத்த வீடு. வீட்டுக்குக் கூரை மாற்றியது, மோட்டார் சைக்கிளுக்கு முன்பணம் கட்டியது, கல்யாணத்துக்குச் சங்கிலி வாங்கியது எல்லாம் அதில்தான். மாதாமாதம் போட்டால் ஒரு நாள் முழுசாகக் கைக்கு வரும். எங்களுக்கு வேறு மாதிரிப் போட்டுப் பழக்கமே இல்லை. நான் பாதி சொல்லி நிறுத்தியதை, மீதியை அவர்களே போட்டு நிரப்பிக்கொண்டார்கள். இரண்டு பங்கு கேட்டவர்கள் எதற்குக் கேட்டார்கள் என்பது இப்போது புரிந்தது.

மறுபடி மிஸ்ஸுக்குப் போன். "மிஸ்... எல்லாரும் சீட்டுன்னு நெனச்சிட்டாங்க."

குழாய் வேறு ஊருக்கு லாரி ஏறுவது என் கண்ணுக்குத் தெரிந்தது. அவரோ விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க அத்தைகிட்ட கேட்டிருந்தாலும் அதைத்தான் அண்ணே நெனச்சிருப்பாங்க. சரி, திரும்பக் கேக்கணுமே. ஞாயித்துக்கிழமை மண்டபத்துக்கு வரவா?"

"மண்டபம் வேணாம் மிஸ்," என்றேன். எங்கிருந்து வந்தது என்று தெரியாது. "மேல அணைக்குப் போலாம். தண்ணியப் பாத்துக்கிட்டே கேப்போம்."

ஞாயிறு காலை தோங்குகளை எல்லாம் இறக்கி வைத்துவிட்டு லாரியைக் கழுவினேன். பெண்கள் பின்னால் ஏறிக்கொண்டார்கள், ஆண்கள் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். செம்பனைப் பாதை முடிகிற இடத்தில் லாரியை நிறுத்திவிட்டு நடந்தோம். டயர் கடைக்காரர் பாராங்குக் கத்தியால் புதரை வெட்டிக்கொண்டே முன்னால் போனார். மிஸ் காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் வந்தார்.

"வழுக்கும் மிஸ், என் கையப் புடிங்க," என்றாள் என் மனைவி.

"ரெண்டு தடவை விழுந்தாச்சு அக்கா, இனிமே என்ன."

அணை இலையும் மண்ணும் மூடிக் கிடந்தது. ஆனால் தண்ணீர் அதற்கு மேலேயே வழிந்துகொண்டிருந்தது. யாரும் சொல்லாமலே ஆண்கள் இறங்கி இலைகளை வாரி எறிந்தார்கள். அடைப்பு விட்டதும் தண்ணீர் 'சோ'வென்று பாய்ந்தது. எல்லாரும் ஒரே சத்தம். என் மனைவி குனிந்து இரண்டு கையாலும் அள்ளி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சத்தத்துக்குள்தான் எனக்குத் தைரியம் வந்தது. ஒரு கல்மேல் ஏறி நின்றேன். "இது சீட்டு இல்ல," என்றேன். "போடுற காசு யாரு வீட்டுக்கும் திரும்பி வராது. மணலுக்கும் குழாய்க்கும் மூங்கிலுக்கும் போயிடும். நான் சரியா சொல்லல. இப்போ சொல்றேன்."

ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்போ எனக்கு எப்பத்தான் விழும்?" என்றார் டயர் கடைக்காரர்.

"தெனம் காலையில உங்க வீட்டுக் குழாயில விழும்லா!" என்றாள் என் மனைவி. "ஏலம் வேற விடணுமா உங்களுக்கு?"

சிரிப்பு அடங்கியதும் மிஸ் கை தூக்கச் சொல்லப் போனார். மேல வீட்டு அக்கா தடுத்தார். "கை தூக்கச் சொன்னா எல்லாரும் தூக்கிடுவாங்க மிஸ். வந்த ஆள் மூஞ்சிக்கு நேரா யாரு இல்லன்னு சொல்லுவா? போடுறவங்க தண்ணியத் தாண்டி அந்தக் கரைக்குப் போகட்டும். கால நனைக்கிறவங்க யோசிச்சித்தான் நனைப்பாங்க."

ஒருவரும் நகரவில்லை. எல்லாருடைய பார்வையும் என் முதுகில் இருப்பது தெரிந்தது. காலணியோடு அப்படியே இறங்கினேன். நடு ஓடையில் இருக்கும்போது பின்னால் என் மனைவியின் குரல்: "என்னங்க, அப்போ கிரைண்டருக்கு?"

இத்தனை பேர் முன்னால் வீட்டுப் பேச்சு. எனக்குக் காது சுட்டது. "பழசையே பழுது பாத்துக்குவோம்," என்றேன்.

"தண்ணி இல்லாம புதுசை வச்சி மட்டும் நான் என்னத்த ஆட்டுறதாம்," என்று சொல்லிக்கொண்டே கைலியைத் தூக்கிப் பிடித்து இறங்கினாள். அவளுக்குப் பின்னால் மேல வீட்டு அக்கா. அப்புறம் வரிசையாக.

எல்லாரும் வரவில்லை. தாண்டாமல் பழைய கரையிலேயே நின்றவர்களிடம் மிஸ் ஒவ்வொருவராகப் போய்ப் பேசினார். வாடகைக்கு இருப்பவர், வருஷக் கடைசியில் தெலுக் இந்தானுக்குப் போகப் போவதாகச் சொன்னார். "பொய்ச் சத்தியம் எதுக்கு மிஸ்?" என்றார். அவருக்கு மிஸ் கை கொடுத்தார். கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டு, "ஓவர்டைம் இல்லாத மாசம் என்னால முடியாது. வேணும்னா ஞாயித்துக்கிழமைல வந்து எல வாருறேன்," என்றாள்.

மிஸ் திரும்பி எங்களைப் பார்த்தார். "என்ன சொல்றீங்க?"

"இப்போ பாத்தோமே அடைப்ப," என்றார் மேல வீட்டு அக்கா. "எல வாருறதும் போடுறதுதான். தாண்டு புள்ள!"

டயர் கடைக்காரர் மட்டும் ஓடை நடுவில் ஒரு பாறைமேல் போய் உட்கார்ந்துகொண்டார். "காசு யாரு கையில இருக்கும்? கோயில் தலைவர் கையிலன்னா நான் இங்கேயேதான். மூணு பேர் கையெழுத்துப் போடணும், மாசா மாசம் கணக்க மண்டபத்துல ஒட்டணும். அப்போ வாரேன்."

"அண்ணே, அந்த மூணு பேர்ல நீங்க ஒருத்தரா இருக்கீங்களா?" என்றார் மிஸ்.

"ஐயோ, வம்புல மாட்டிக்கிட்டேன்," என்று அவர் எழுந்தார். எழுந்தவர் எங்கள் பக்கம்தான் வந்தார்.

மிஸ் அந்தக் கரையிலிருந்தே என்னைப் பார்த்துச் சொன்னார்: "எல்லாரும்னு நீங்க போன்ல சொன்னப்போ எனக்கு நம்பிக்கை வரல அண்ணே. இப்போ வந்திருக்கு. இது நிக்கும்னுதான் எழுதப் போறேன்." கைதட்டலும் விசிலும் அடங்க நேரமானது. இறங்கும்போது யாரும் மெதுவாக நடக்கவில்லை. லாரியில் பெண்கள் பாடிக்கொண்டே வந்தார்கள்.

போன வாரம் குழாய்கள் வந்து சேர்ந்தன. கறுப்புக் குழாய், பெரிய பெரிய வளையங்களாக மண்டபத்துக்குப் பின்னால் கிடக்கிறது. அடுத்த ஞாயிறு பள்ளம் தோண்ட ஆரம்பிக்கிறோம். வேலை முடிந்து வரும்போதெல்லாம் லாரியை அங்கே நிறுத்தி, இறங்கிப் போய் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன். நேற்று என் மனைவி பார்த்துவிட்டாள்.

"தடவிக் குடுத்தா தண்ணி வந்துடுமா?" என்று தெருவே கேட்கும்படி கத்தினாள். கத்திவிட்டு அவளும் வந்து ஒரு வளையத்தின் மேல் கையை வைத்தாள். வெயிலில் கிடந்து நன்றாகச் சூடேறியிருந்தது.