கதவில் ஒட்டிய காரணம்

சீனாவின் குய்சோ மலைநாடு முழுக்கச் சலித்தாலும் என் அப்பா வூ தெங்சாய் போல முழுத்தகுதி வாய்ந்த ஏழை ஒருவர் கிடைக்கமாட்டார். அரசாங்கமே எங்கள் கதவில் அட்டை ஒட்டிச் சான்று கொடுத்திருக்கிறது. அந்த ஏழ்மைக்கு, மகள் என்ற முறையில், நானும் என்னாலானதைச் செய்திருக்கிறேன். எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்தேன்.

அப்பா பன்னிரண்டு வருடம் சுரங்கப்பாதைகளில் பாறை துளைத்தார். பாதையை அங்கே விட்டுவிட்டுத் தூசியை நெஞ்சில் கொண்டுவந்தார். மக்காச்சோளக் கொல்லைக்கு ஏறும்போது மூன்று இடத்தில் நிற்பார். கேட்டால், "வெள்ளாமைய பாக்கறேன்" என்பார். முதல் இடத்தில் தெரிவது பக்கத்து வீட்டுப் பன்றிக்கொட்டில்.

அட்டையில் 'ஏழ்மைக்குக் காரணம்' என்று ஒரு கட்டம். ஒரு காரணம்தான் எழுதலாம்; அதற்கான உதவிதான் அரசாங்கம் தரும். நோய் என்றால் அப்பாவுக்கு வைத்தியம். படிப்பு என்றால் என் விடுதிச் செலவு. அதை எழுத அதிகாரி பான் வந்தார்.

"இருமல் எப்படி இருக்கு அண்ணே?"

"யாருக்கு?" என்றார் அப்பா. இருமலை அடக்கியதில் முகம் கத்தரிக்காய் நிறமாகியிருந்தது. "இவ படிப்புதாங்க என்னைக் கவுத்திருச்சு. அதையே எழுதுங்க."

"இவளா படிக்கிறா? தலைமையாசிரியர் நாற்காலில பசை தடவினவதானே?"

"அதுக்கும் மூளை வேணும்ல அய்யா."

பான் சிரித்துக்கொண்டே பென்சிலில் 'படிப்பு' என்று எழுதினார். நாளைக்கு வந்து மையில் எழுதுவதாகச் சொல்லிப் போனார். அவர் வளைவைத் தாண்டும் வரைதான் அப்பாவால் அடக்க முடிந்தது. பிறகு இருமி இருமிச் சுவரோடு உட்கார்ந்துவிட்டார்.

அவர் பன்றிக்குத் தீனி வைக்கப் போன நேரத்தில் அட்டையில் இருந்த 'படிப்பு' என்பதை அழித்து, 'நோய்' என்று எழுதினேன். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்ற தைரியம்தான்.

திரும்பி வந்தவர் கதவருகே நின்றார். இந்த முறை வெள்ளாமையைப் பார்க்கவில்லை.

"ரப்பர் எங்க?"

"எதுக்குப்பா?"

"இந்த எழுத்து எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? ஆறு வருசமா ஆஸ்பத்திரிச் சீட்டுல இதத்தானே பாக்கறேன்."

நான் என் செருப்பை ஆராய்ந்தேன். அவர் அந்த எழுத்தை விரலால் தடவினார்.

"அந்த அதிகாரிய விட நல்லாத்தான் எழுதியிருக்க. இப்ப அழிச்சிட்டுப் படிப்புன்னு எழுது. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமில்ல, எட்டாவது ரெண்டு தடவ படிச்சவளாச்சே."