லிண்டன்பாக்கில் ஓர் இருட்டு வீடு

ஜெர்மனியின் எல்லைக் குன்றின்மேல் ஹெட்விக் கிழவி ஆண்டுதோறும் ஓர் ஊரைக் கட்டுவாள். செத்தவர்களை நினைக்கும் ஆத்துமாக்கள் திருநாளன்று, முள்வேலிக்கு இப்பால், புல்லின்மேல், மெழுகுதிரிகளால். வேலிக்கு அப்பால் செக் நாட்டில் இருந்த அவள் ஊரான லிண்டன்பாக் இப்போது வெறும் காடு. ஜெர்மனி மூட்டிய போர் முடிந்ததும் ஊரிலிருந்த ஜெர்மன்காரரை மூட்டை முடிச்சோடு விரட்டினார்கள். பிறகு எல்லைப் படை வந்து, கோயிலிலிருந்து மாட்டுக்கொட்டில்வரை தரைமட்டமாக்கியது. சேமக்காலையில் கல்லறைகளைக்கூட விட்டுவைக்கவில்லை, பாவிகள்.

1986இல் கிழவிக்குத் துணையாகப் போனவள் பேர்பெச்சுவா; கிழவி வீட்டு மாடியில் குடியிருந்த யாழ்ப்பாணத்து அகதி. புருஷன் விஜயரத்தினத்தை ராணுவம் பிடித்துப்போய் இரண்டு வருடம். இருக்கிறானா இல்லையா என்று சொல்ல ஆளில்லை. கொலோன் நகரில் இருந்த அவன் அக்கா பிளோறன்ஸ், வருகிற சனிக்கிழமை அவனுக்கு மரித்தோர் பூசை ஒழுங்கு செய்துவிட்டாள்.

"எத்தனை காலத்துக்கு இப்பிடி இருக்கப்போறாய்? ஓம் எண்டு சொல்லு" என்று தொலைபேசியில் அழுதாள். பேர்பெச்சுவாவும் மனம் ஓய்ந்துபோய் ஓம் என்று சம்மதித்திருந்தாள்.

குன்றில் கிழவி கைகாட்டக் காட்ட அவள் திரி கொளுத்தினாள். "இது ஓடை. வளைவில மாவு ஆலை. மேட்டில கோயில். எதிர்ப்பக்கம் தச்சன்ர வீடு." ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் செத்தவர்களுக்காக ஒரு திரி. ஆலைக்குப் பின்னால் ஓரிடம் மட்டும் இருண்டு கிடந்தது. பேர்பெச்சுவாவின் ஊரில் அன்றைக்கு ஆளில்லாத கல்லறையைக்கூட இருட்டில் விடமாட்டார்கள்; பக்கத்துக் கல்லறைக்கு வந்தவர் அதற்கும் ஒரு திரி வைத்துவிட்டுப் போவார். பழக்கதோஷத்தில் அவளும் வைத்துவிட்டாள்.

"அணை! அது என்ர வீடு!" கிழவி போட்ட சத்தத்தில் வேலிக்கு அப்பால் காவல் நாய்கள் குரைத்தன. "ஃபிரான்ஸ் சாகேல்லை!"

ஃபிரான்ஸ் கிழவியின் புருஷன். போர்முனைக்குப் போய்க் காணாமற்போனவன். தினமும் சாப்பாட்டு மேசையில் அவள் கூடுதலாக ஒரு தட்டு வைப்பது யாருக்கென்று பேர்பெச்சுவாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த நரைத்த தலையைப் பார்க்கவே பயமாக இருந்தது.

கிழவி குனியப் பார்த்தாள், முழங்கால் மடங்கவில்லை. "நீதான் கொளுத்தினாய். நீயே அணை" என்றாள்.

எரியவிட்டுவிடலாம். கிழவிக்கும் தனக்கும் இந்தக் காத்திருப்பிலிருந்து அதோடு விடுதலை. அதுதான் புத்தி என்று பேர்பெச்சுவாவுக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் மண்டியிட்டு ஊதினாள்.

கிழவியை வீட்டில் விட்டதும் தெருமுனைத் தொலைபேசிக் கூண்டுக்கு ஓடினாள்.

"அக்கா, பூசையை நிப்பாட்டுங்கோ" என்றாள். "அவர் வருவார்."