அன்னம் எந்தப் பக்கம் பார்க்கிறது

“அக்கா, திரையில எழுத்தெல்லாம் இடம்வலமா திரும்பி இருக்குதே, நீங்க பாக்கலியா?” என்று கேட்டேன்.

ரேணுகாம்பாள் தறியை நிறுத்தாமலே நிமிர்ந்து பார்த்தார்.

“எழுத்த யாரு பாத்தா? நான் அதுல இருக்கற அன்னத்தப் பாத்துகினு இருக்கேன்.”

எத்தனை நாளாக இப்படி என்றேன். புதுத் திரை மாட்டியதிலிருந்தே என்றார். மாட்டிய ஜோபின் கவனிக்கவில்லையா என்றேன். எங்கள் அலுவலக ஜோபின், திரையில் வெளிச்சம் வந்ததும், கண்ணமங்கலம் பஸ் போய்விடும் என்று காபியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினானாம். நீங்களாவது போன் செய்திருக்கலாமே என்றேன். அப்போதுதான் தறியின் மிதிக்கட்டையிலிருந்து காலை எடுத்தார்.

“எதுக்கு போன் பண்ணணும்? இப்பதான் உங்க ஆபீஸ்காரங்க எங்களுக்குன்னு ஒண்ணு யோசிச்சு செஞ்சிருக்காங்கன்னு நெனச்சேன்.”

யாரும் யோசித்துச் செய்ததல்ல, தவறு என்று சொன்னேன்.

“அப்ப சரி பண்ணிடுவியா லிடியா?” என்றார்.

அந்தக் கேள்வியில் இருந்த கவலை எனக்கு உடனே புரியவில்லை.

ரேணுகாம்பாள் தேசூரில் பிறந்து ஆரணிக்கு வாழ்க்கைப்பட்டவர். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. கூடத்தில் பாதியைத் தறி அடைத்திருக்கும்; மீதியில் எஃப்.எம். பாடிக்கொண்டிருக்கும். தறிக்கு மேலே முன்பு, புடவைப் படத்தைத் துளைகளாகக் குத்திய ஜக்கார்டு அட்டைகள் தொங்கின. இப்போது அந்த இடத்தில் நான் வேலை செய்யும் நிறுவனத்தின் பெட்டி இருக்கிறது. புடவையின் படம் பெட்டிக்குள் இருக்கும். எந்த வரி ஓடுகிறது என்பதை உள்ளங்கை அகலத் திரை காட்டும்.

அவர் தறியில் புடவையின் நல்ல பக்கம் கீழே இருக்கும். நெய்கிறவர் கண்ணுக்குத் தெரிவது பின்பக்கம்; அதில் இழைகள் குறுக்கே ஓடுவதால் உருவம் தெளிவாக இருக்காது. கீழே விழுவதைப் பார்க்கக் கண்ணாடி வேண்டும். பழைய மொபெட்டின் பக்கக் கண்ணாடி ஒன்றை மூங்கில் குச்சியில் கட்டி வைத்திருந்தார். கடையில் வலப்பக்கம் பார்க்கப் போகிற அன்னம், பின்பக்கத்திலும் சரி, அந்தக் கண்ணாடியிலும் சரி, இடப்பக்கம்தான் பார்க்கும். கல்யாணம் ஆன நாளிலிருந்து எல்லா அன்னங்களையும் அவர் அப்படியே பார்த்துப் பழகியவர். கடையில் மாட்டியிருக்கும் தன் புடவையே வேறு யாரோ நெய்தது போலத் தோன்றும் என்பார்.

வந்தவாசியில் பஸ் படியில் தவறி விழுந்த பிறகு அவர் குனியக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உட்கார்ந்து நெய்யலாம், தறிக்கு அடியில் கண்ணாடியை நீட்டிப் பார்க்க முடியாது. அந்த வேலை கணவர் சிவகுமாருக்குப் போனது. விசைத்தறிக் கொட்டகையில் ஷிப்ட் முடித்து வந்ததும், தறிக்கு அடியில் மல்லாந்து படுத்து, அன்னம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்வார். சோத்தாங்கைப் பக்கம் என்பார். அது அவருடைய சோத்தாங்கை. தலையை எந்தப் பக்கம் வைத்துப் படுத்திருக்கிறார் என்பதைப் பொறுத்து அன்னமும் திரும்பிக்கொள்ளும்.

“தல எங்க, காலு எங்க, அத மொதல்ல சொல்லுய்யா” என்று மேலிருந்து ரேணுகாம்பாள் கேட்பது தெருவரை கேட்கும்.

கரையில் வரும் அன்னங்கள் முந்தானையை நோக்கி நடக்க வேண்டும். பெட்டியில் படத்தை ஏற்றும்போது திசை மாறிவிட்டால், ஒரு முழம் போன பிறகுதான் தெரியவரும். அத்தனையையும் பிரிக்க வேண்டும். அப்படி இரண்டு முறை ஆனது. இனி பறவை வேண்டாம், கோபுரக் கரை நெய்யுங்கள், அதை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒன்றுதான் என்று, நூல் கொடுத்து நெய்து வாங்கும் முதலாளி சொல்லிவிட்டார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் ரேணுகாம்பாளுக்குக் கோபுரம் பிடிக்காது.

“கோபுரம் எங்கியும் போவாது, நிக்கும். அன்னம்னா நடக்கும். நெய்யறப்ப கூட ஒரு ஆளு நடந்து வர மாதிரி இருக்கும்” என்பார்.

கடைசியாக ஒரு அன்னப் புடவை தருகிறேன் என்று முதலாளி ஒப்புக்கொண்ட சமயத்தில்தான் பழைய திரை கெட்டு, புதுத் திரை வந்தது. அது படத்தைத் திருப்பிக் காட்டியது. அவர் கண்ணுக்குத் திரையில் இருப்பதும் தறியில் விழுவதும் ஒரே பக்கம் பார்த்தன; திசை தவறினால் நெய்யும் முன்பே தெரிந்துவிடும். கண்ணாடி வேண்டாம், சிவகுமார் வேண்டாம். அந்தப் புடவை பிசகில்லாமல் வந்தது. முதலாளி இன்னொன்று கொடுத்தார். நான் போனபோது அவர் அதில்தான் உட்கார்ந்திருந்தார்.

திரை ஏன் திரும்பியது என்பதையும் சொல்ல வேண்டும். பெட்டிக்குள் ஒரு சிறு கணினி இருக்கிறது. மற்ற மென்பொருள்களுக்கெல்லாம் அடியில் இருந்து அதை நடத்துவது கெர்னல். எந்தத் திரைக்கு எப்படி வரைய வேண்டும் என்று கெர்னலுக்குச் சொல்லும் பகுதி டிரைவர். அந்த டிரைவர்களைப் புதுப்பிப்பது என் வேலை. பழைய திரை வருவது நின்றுபோனதால் அதே அளவில் வேறொன்று வாங்கினார்கள். நாங்கள் மேசையில் வைத்துச் சோதித்தது முதலில் வந்த தொகுதி. ரேணுகாம்பாளுக்குப் போனது அடுத்த தொகுதி. பெயர் ஒன்று, அளவு ஒன்று. வரையத் தொடங்கும் முனை மட்டும் எதிரெதிர்.

எந்தத் தொகுதி என்று திரையிடமே கேட்டு, அதற்கேற்ற முனையிலிருந்து வரையும்படி டிரைவரைத் திருத்தினேன். சிறிய வேலைதான். அது எல்லாப் பெட்டிகளுக்கும் போயாக வேண்டும். வரி எண்ணைப் பார்த்து நெய்கிறவர்களுக்கு எண் நேராகத் தெரிய வேண்டும். போனால் ரேணுகாம்பாளின் அன்னமும் திரும்பிவிடும்.

முதலில் திரையைப் பார்த்த அன்று, நான் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டும்போது சிவகுமார் பின்னால் வந்திருந்தார்.

“திருப்பி என்னப் படுக்க வெச்சுடாத மா. அவ கேக்கற கேள்விக்கு விசைத்தறி சத்தமே தேவலாம்” என்றார்.

அலுவலகத்தில் பேசினேன். டிரைவர் நேராகவே இருக்கட்டும், படத்தை மட்டும் வேண்டியவர் திருப்பிக்கொள்ள ஒரு பட்டன் வைக்கலாம் என்று முடிவாயிற்று. அதுவரை ரேணுகாம்பாளின் பெட்டியை நான் தொடவில்லை. அவர் அந்தப் புடவையைத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த புடவைக்குப் பாவு நூல் பூட்டினார். அதுவும் அன்னம்தான்.

பட்டன் தயாரானதும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போனேன். பெட்டி அணைந்து மறுபடி ஒளிர்ந்தது. எழுத்து நேராக வந்தது. அன்னமும் நேராகி வலப்பக்கம் பார்த்தது. ரேணுகாம்பாள் முகம் சுருங்கியது. பட்டனைக் காட்டினேன். அழுத்தினார். அன்னம் மட்டும் திரும்பியது, எண்கள் அப்படியே இருந்தன. மறுபடி அழுத்தினார், மறுபடியும் அழுத்தினார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, இனிமேல் உனக்கு இங்கே வேலையில்லை என்று சிவகுமாரிடம் சொன்னார்.

பட்டனுக்கு அலுவலகத்தில் ஆங்கிலப் பெயர் ஒன்று இருந்தது. தமிழில் நான் ‘திரும்பிய படம்’ என்று எழுதியிருந்தேன். திரையில் ஒரு எழுத்தை ரேணுகாம்பாள் வாசித்து நான் பார்த்தது அன்றுதான். மெல்ல எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இதுவா திரும்பின படம்? எனக்கு இதான் மா நேரு. அந்தப் பேர எடுத்துடு. ‘தறிப்பக்கம்’னு போடு. இன்னொண்ணுக்கு வேணும்னா ‘கடைப்பக்கம்’னு போட்டுக்கோ.”